சாவும் கிறிஸ்தவ நம்பிக்கையும்: எங்கள் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், பர்கூர் பக்கம் நோயாளிகள் வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் போய் ஜெபிக்கிற ஒரு சின்னக் குழுவில் இருக்கிறேன். போகிற இடமெல்லாம் கேள்விகள் அதேதான், கேட்கிற ஆள்தான் மாறுகிறார். அதுவும் வீட்டுக்குள் வைத்துக் கேட்க மாட்டார்கள். நாங்கள் கிளம்பி வண்டியை எடுக்கும்போது ஒருவர் பின்னாலேயே வந்து, உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்பார். அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன்.

நான் கத்தோலிக்கன். மனைவி வீட்டார் லுத்தரன் என்கிற புராட்டஸ்டண்ட் சபை. அதனால் ரெண்டு பக்கமும் எப்படிச் சொல்வார்கள் என்று ஓரளவு தெரியும். ஆனால் நான் சாமியாரும் (கத்தோலிக்கக் குரு) இல்லை, டாக்டரும் இல்லை. அவர்களைக் கேட்க வேண்டிய இடத்தில் அவர்களையே கேளுங்கள்.

கிறிஸ்தவங்க சாவுக்குப் பயப்படக் கூடாதாமே? எனக்குப் பயமாத்தான் இருக்கு. அப்ப எனக்கு விசுவாசம் இல்லையா?

இயேசுவுக்கே கெத்செமனே தோட்டத்தில் திகில் வந்தது என்று மாற்கு ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார். இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று ஒரு தடவை இல்லை, மூன்று தடவை ஜெபித்தார். அவருக்கு வந்த பயம் உங்களுக்கு வந்தால் அது விசுவாசக் குறைவு என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

எதற்குப் பயம் என்று உட்கார்ந்து கேட்டால் பெரும்பாலும் நரகத்தைச் சொல்வதில்லை. வலிக்குமோ, மூச்சு முட்டுமோ, மருமகள் கையால் மூத்திரத் துணி மாற்றிக்கொள்ள வேண்டிவருமோ, சின்னவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையே, இப்படித்தான் வரும். இதில் பாதிக்கு மருந்து இருக்கிறது, மீதியில் பாதிக்குக் குடும்பத்தில் ஆள் இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து ‘பயப்படாதே, விசுவாசி’ என்று மூடிவிட்டால் எதற்குமே வழி பிறக்காது.

செத்த உடனே எங்க போவோம்? நேரா மோட்சமா, இல்ல கடைசி நாள் வரைக்கும் தூக்கமா?

வேதத்தில் ரெண்டு விதமாகவும் பேச்சு இருக்கிறது. சிலுவையில் தொங்கிய கள்வனிடம் ‘இன்றைக்கே’ என்னுடன் பரதீசில் இருப்பாய் என்றார் இயேசு. பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது உலகத்தை விட்டுப் போய்க் கிறிஸ்துவோடு இருக்க ஆசை என்கிறார். அதே பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது இறந்தவர்களை ‘நித்திரையடைந்தவர்கள்’ என்கிறார். சபைகள் பொதுவாகச் சொல்வது இதுதான்: இறந்தவர் இப்போதே ஆண்டவரிடம் இருக்கிறார், ஆனால் கதை அங்கே முடிவதில்லை, கடைசி நாளில் உடலோடு உயிர்த்தெழுதல் இருக்கிறது.

இந்த ரெண்டாவது பாதியை நம் ஆட்கள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். ஆவி மேலே போச்சு, உடம்பு வெறும் கூடு என்கிற பேச்சு நம் ஊரில் எல்லா மதத்துக்கும் பொது. ஞாயிறுதோறும் ‘உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்’ என்று வாய் சொல்கிறது, அடக்கத்தன்று அது ஞாபகம் வருவதில்லை. சவத்தைக் குளிப்பாட்டி, நல்ல துணி உடுத்தி, மரியாதையாகக் கொண்டுபோவது சடங்குக்காக மட்டும் இல்லை. அந்த உடம்பையும் ஆண்டவர் கைவிடவில்லை என்று நம்புவதால்தான்.

கத்தோலிக்கர் இதோடு உத்தரிக்கிற ஸ்தலத்தையும், அதாவது சாவுக்குப் பிறகு ஆன்மா தூய்மை பெறும் நிலையையும், சேர்ப்போம், மற்றவர்கள் ஏற்பதில்லை. அதைக் கல்லறைத் திருநாள் கேள்வியில் பார்க்கலாம்.

டாக்டர் கையை விரிச்சிட்டாரு. அம்மாகிட்ட சொல்லலாமா? சொன்னா இன்னைக்கே போயிடுவாங்கன்னு அண்ணன் தடுக்கிறாரு.

அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். முதல் விஷயம், அம்மாவுக்கு அநேகமாகத் தெரியும். பெங்களூரில் வேலை செய்கிற மகன் வேலை நாளில் வந்து நிற்கிறான். ரிப்போர்ட் ஃபைல் பீரோவுக்கு மேலே போய்விட்டது. பத்து வருஷமாகப் பேசாத நாத்தனார் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடிக்கிறாள். கொல்லைப் பக்கம் குசுகுசு என்று பேச்சு, அம்மா திரும்பினால் நின்றுவிடுகிறது. இவ்வளவையும் பார்த்துவிட்டுத் தெரியாத மாதிரி அம்மா படுத்திருப்பது பிள்ளைகள் தாங்க மாட்டார்களே என்றுதான். இவர்கள் அம்மாவுக்காக நடிக்க, அம்மா இவர்களுக்காக நடிக்க, நடுவில் ஜெபமும் நடிப்பாகிவிடும்.

காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்பை ஒட்டிய ஒரு வீட்டில் ஒரு பாட்டியிடம் மகள் கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: ‘உனக்கு என்னம்மா தோணுது?’ பாட்டி அரை மணி நேரம் பேசினார். சீட்டுப் பணம் யாரிடம் எவ்வளவு பாக்கி, எந்தப் புடவை உடுத்த வேண்டும், கம்மலைக் கழற்றிச் சின்னப் பேத்திக்குக் கொடுக்க வேண்டும், வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய கொழுந்தனாரைக் கூப்பிட்டுவிட வேண்டும். கொழுந்தனார் வந்தார். ரெண்டு பேரும் அந்த வரப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, மாங்காய் விலையைத்தான் பேசினார்கள். அது போதுமாயிருந்தது.

அதனால் போய் ‘உனக்கு மூணு மாசம்தான்’ என்று போட்டு உடைக்க வேண்டாம். கேளுங்கள். அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறாரோ அவ்வளவு சொல்லுங்கள், பொய் மட்டும் வேண்டாம். மன்னிப்புக் கேட்கவும் பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) செய்யவும் பிள்ளைகளை ஆசீர்வதிக்கவும் ஒருவருக்கு இருக்கிற நேரத்தை ‘நல்லாயிடும்’ என்று சொல்லியே நாம் தின்றுவிடுகிறோம். அண்ணனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சாமியாரைக் கூப்பிட்டா சாகப்போறாங்கன்னு அர்த்தம் ஆயிடாதா?

சாகப்போகிறவருக்கு மட்டும் சாமியார் எண்ணெய் பூசுவார் என்கிற, பழைய காலத்து ‘அவஸ்தை பூசுதல்’ பயம் இது. 1963-லேயே, கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதை நோயில் பூசுதல் என்று சொல்வதே பொருத்தம், சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டுமானது இல்லை என்று சொல்லிவிட்டது. பெரிய ஆபரேஷனுக்கு முன், கடுமையான நோயில், வயதாகித் தளர்ந்தவர்களுக்கு, எல்லாருக்கும் கொடுக்கலாம். குணமாகி மறுபடி நோய் வந்தாலோ, இருக்கிற நோய் முற்றினாலோ திரும்பவும் பெறலாம். யாக்கோபு 5:14 சபையின் மூப்பர்களை வரவழைக்கச் சொல்வதும் ‘வியாதிப்பட்டால்’ என்றுதான்.

நினைவு இருக்கும்போதே கூப்பிடுங்கள், அப்போதுதான் பாவசங்கீர்த்தனமும் நன்மையும் (நற்கருணை) சேர்த்துப் பெற முடியும். உயிர் போன பிறகு பூசுதல் கிடையாது, இறந்தவருக்கான ஜெபம்தான். ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சிலுவை, மெழுகுவத்தி, ஒரு டம்ளர் தண்ணீர், இவ்வளவு எடுத்து வைத்தால் போதும். டிவியை அணைத்துவிடுங்கள். லுத்தரன் வீடுகளில் ஐயர் (அவர்கள் போதகர்) திருவிருந்தை வீட்டுக்கே கொண்டுவருவார், அவரிடமும் முன்கூட்டியே சொல்வது நல்லது.

ஒரு ஜெப ஊழியர் வந்து, மாத்திரை சாப்பிடறதே அவிசுவாசம், நிறுத்துங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. என்ன பண்றது?

நிறுத்தாதீர்கள். லூக்கா வைத்தியர் என்று பவுலே எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்கிறார். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாக விட்டுவந்தேன் என்கிறார். ‘முள்’ என்று அவர் சொன்ன தன் உடல் வேதனையை நீக்கச் சொல்லி மூன்று தரம் கேட்டும் அது நீங்கவில்லை. இந்த நாலும் பவுல் நிருபங்களிலேயே இருக்கும்போது, சுகமாகாதவருக்கு விசுவாசம் இல்லை என்று ஒருவர் எதை வைத்துச் சொல்கிறாரோ தெரியவில்லை. செத்த லாசருவை இயேசு எழுப்ப, அவன் உயிரோடு எழுந்தான், பிறகு ஒரு நாள் மறுபடி செத்துத்தானே போனான்.

மிசூரி லுத்தரன் மிஷன் 1895-ல் நம் கிருஷ்ணகிரியில்தான் வேலையைத் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான நேதர் என்ற ஜெர்மானியப் போதகர் 1904-ல் இங்கேயே பிளேக்கில் இறந்தார். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று எந்தச் சபையும் இதுவரை சொன்னதில்லை. சுகத்துக்காக ஜெபியுங்கள், தாராளமாக. தோற்றால் பழி நோயாளி மேல் விழுகிற மாதிரியான ஜெபம் மட்டும் வேண்டாம்.

வலி தாங்கல. மார்ஃபின் கொடுக்கலாமா? வேதனையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கணும்னு பெரியம்மா சொல்றாங்க.

கொடுக்கலாம். சாகும் தறுவாயில் இருப்பவருக்கு வலியைக் குறைக்கும் மருந்து, அது ஆயுளைக் கொஞ்சம் குறைத்துவிடுமோ என்ற சந்தேகம் இருந்தாலும், சாவை நோக்கமாக வைக்காதவரை தவறில்லை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை நூலான மறைக்கல்வியே சொல்கிறது (எண் 2279). ஒப்புக்கொடுப்பது நோயாளி தானாகச் செய்ய வேண்டிய காரியம், பக்கத்தில் இருக்கிற நாம் அவருக்காக முடிவுசெய்ய முடியாது. வலி அடங்கிய பிறகுதான் பலரால் ஜெபிக்கவே முடிகிறது.

மார்ஃபின் கொடுத்தால் மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்குங்கள், இதை யாரும் சொல்வதில்லை. வீட்டுக்கே வந்து பார்க்கும் வலி நிவாரணச் சிகிச்சை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் அந்தத் திட்டத்தைத் தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வென்டிலேட்டர்ல வெச்சிருக்காங்க. எடுக்கச் சொன்னா நாமளே கொன்ன மாதிரி ஆகாதா?

முந்தின பதிலில் சொன்ன அதே அளவுகோல்தான்: நோக்கம் என்ன? பலன் இல்லாத, உடம்பை வதைக்கிற சிகிச்சையை நிறுத்துவது, தடுக்க முடியாத சாவை ஏற்றுக்கொள்வது மட்டுமே, கொல்வது ஆகாது என்கிறது மறைக்கல்வி (2278). ஊசி போட்டுச் சாகடிப்பது வேறு, அது கூடாது. எந்தப் பக்கம் எது என்பதை டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: ‘இதனால் இவர் எழுந்து வருவாரா, இல்லை சாவு தள்ளிப்போகிறதா?’

உயிர் காக்கும் கருவிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க உச்ச நீதிமன்றம் 2018-ல் அனுமதித்தது, 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. ரெண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவுபெற்ற அதிகாரியிடம் சான்று வாங்கினால் போதும். காட்டை விற்று, நகையை அடகு வைத்துக் கடைசி நாலு நாளை ஐசியூவில் கழித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யாவிட்டால் பாசம் இல்லை என்று ஊர் பேசும் என்கிற பயம்தான் பாதி. அதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

கடைசி நேரத்துல பக்கத்துல உட்கார்ந்து என்ன சொல்றதுன்னே தெரியல.

அதிகம் சொல்ல வேண்டாம். ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும், ஒருவர் தெரிந்த சங்கீதத்தை மெதுவாகச் சொல்லட்டும். இருபத்து மூன்றாவது எல்லாருக்கும் தெரியும். நோயாளியின் உதடு கூடவே அசையும், கவனியுங்கள். சாப்பாடு இறங்கவில்லை என்றால் திணிக்காதீர்கள், பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டைத் துடைத்தால் போதும். பேச்சு நின்ற பிறகும் காது கேட்கிறது என்றே நினைத்துப் பேசுங்கள். சொத்துப் பேச்சை வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

அழக் கூடாது, பரலோகம் போயிட்டாங்கன்னு சந்தோஷப்படணும்னு சொல்றாங்க. ஒப்பாரி வெச்சா தப்பா?

தன்னால் எழுப்ப முடியும் என்று தெரிந்தும் லாசருவின் கல்லறையில் இயேசு கண்ணீர் விட்டார். பவுல் சொன்னது நம்பிக்கையற்ற மற்றவர்களைப் போலத் துக்கிக்காதீர்கள் என்று, துக்கிக்கவே கூடாது என்று இல்லை. எங்கள் அத்தை ஒப்பாரி வைத்தால் அதில் இறந்தவரின் மொத்த வாழ்க்கையும் வந்துவிடும், மேடையில் இரங்கல் பேசுகிறவர்களுக்கு அது வராது. தாராளமாக அழட்டும்.

கல்லறைத் திருநாளுக்குப் பூ வெச்சு மெழுகுவத்தி ஏத்துறோம். மாமியார் வீட்ல அது வேதத்துல இல்லைங்கிறாங்க.

எங்கள் வீட்டுச் சண்டையும் இதுதான். நவம்பர் 2 வந்தால் நான் சாமந்தி வாங்கக் கிளம்புவேன், மனைவி சிரிப்பார், அப்புறம் கூட வருவார். இறந்தவர்களின் ஆன்மா தூய்மை பெற நம் ஜெபம் உதவும் என்பது கத்தோலிக்க விசுவாசம், ரெண்டாம் மக்கபேயர் 12-ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். அந்தப் புத்தகம் லுத்தரன்கள் கையில் இருக்கிற வேதாகமத்தில் இல்லை. கிறிஸ்து எல்லாவற்றையும் முடித்துவிட்டார், இனி நன்றி சொல்வது மட்டுமே மிச்சம் என்பார்கள்.

இதை மருமகளும் மாமியாரும் கல்லறையில் வைத்துத் தீர்க்க முடியாது. பூ வைப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. நீங்கள் அவருக்காக ஜெபியுங்கள், அவர்கள் அவருக்காக நன்றி சொல்லட்டும். ஆவியைக் கூப்பிட்டுக் குறி கேட்பது மட்டும் ரெண்டு பக்கமும் கூடாது.

எரிக்கலாமா? சாம்பலை ஒகேனக்கல்ல கரைக்கலாமா?

கத்தோலிக்கர்களுக்கு 1963 முதல் எரிக்க அனுமதி உண்டு, உயிர்ப்பை மறுப்பதற்காகச் செய்யாதவரை. புதைப்பதுதான் விரும்பத்தக்கது என்று சொல்கிறார்கள். சாம்பலைத் தூவுவதோ ஆற்றில் கரைப்பதோ கூடாது, கல்லறை போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016-ல் ரோம் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே ஒகேனக்கல் வேண்டாம். எரிந்த உடம்பை ஆண்டவர் எப்படி எழுப்புவார் என்று கவலைப்பட வேண்டியதில்லை, புதைத்ததும் மண்ணாகத்தான் போகிறது. உறுப்பு தானத்துக்கும் தடையில்லை, திருச்சபை அதைப் பாராட்டவே செய்கிறது.

குழந்தை பொறந்து ரெண்டு நாள்ல போயிடுச்சு. ஞானஸ்நானம் கொடுக்கல. எங்க தப்பா?

உங்கள் தப்பு இல்லை. சிறு பிள்ளைகளை என்னிடம் வர விடுங்கள் என்றவரிடம் அந்தக் குழந்தையை நம்பி ஒப்படைக்கலாம் என்று மறைக்கல்வி சொல்கிறது. 2007-ல் ரோமின் இறையியல் குழு இதைப் பற்றித் தனியாகவே எழுதி, நம்பிக்கைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது என்றது. தாவீதும் தன் குழந்தை இறந்தபோது ‘நான் அதினிடத்துக்குப் போவேன்’ என்றுதான் சொன்னான். குழந்தைக்குப் பேர் வைத்திருந்தால் அந்தப் பேரைச் சொல்லியே ஜெபியுங்கள்.

தம்பி மருந்தைக் குடிச்சிட்டான். அவனுக்கு மோட்சம் உண்டா? கல்லறைத் தோட்டத்துல இடம் கொடுப்பாங்களா?

இடம் உண்டு, பூசையும் (திருப்பலி) உண்டு. முன்பு மறுத்தார்கள். 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கடுமையான மன வேதனையும் பயமும் நோயும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும், அவர்களுடைய மீட்பைப் பற்றி அவநம்பிக்கை வேண்டாம், தமக்கு மட்டுமே தெரிந்த வழியில் கடவுள் அவர்களுக்கு மனந்திரும்ப வாய்ப்பளிக்க முடியும் என்று மறைக்கல்வி எழுதியிருக்கிறது (2282, 2283). உங்கள் ஊரில் யாராவது சுவருக்கு வெளியே புதைக்கச் சொன்னால் பங்குத்தந்தையிடம் நேராகப் போங்கள்.

வீட்டில் இருக்கிறவர்களையும் பாருங்கள். குற்ற உணர்ச்சியில் அடுத்தவரும் அதே யோசனைக்குப் போகக்கூடும். 104 அல்லது 14416 எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், இலவசம்.

எங்கப்பா கடைசி வரைக்கும் இந்துவாவே இருந்துட்டாரு. அவர் இல்லாத மோட்சம் எனக்கு எதுக்கு?

இதற்குச் சுலபமான பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள். தன் தப்பில்லாமல் நற்செய்தியை அறியாமல், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சிப்படி நடந்தவர்களும் மீட்படைய முடியும் என்று 1964-ல் வத்திக்கான் சங்கம் சொன்னது. லுத்தரன் ஐயர் அவ்வளவு தூரம் போக மாட்டார், ஆனால் அவரும் தீர்ப்பைத் தன் கையில் எடுக்க மாட்டார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தீர்ப்புச் சொல்லப்போகிறவர், பக்கத்தில் தொங்கிய கள்வனுக்குக் கதவைத் திறந்த அதே ஆள். உங்கள் அப்பாவை உங்களைவிட அதிகமாக அவருக்குத் தெரியும்.

கூடவே வருகிற கேள்வி, மூத்த மகன் கொள்ளி வைக்கலாமா என்பது. சபைக்குச் சபை பதில் மாறும், போதகரிடம் பேசுங்கள். சாவு நடந்த அன்று வாசலில் நின்று விவாதம் பண்ணாமல் முன்னாடியே சித்தப்பா, பங்காளிகளோடு பேசிவைப்பது நல்லது. பாடையைத் தோளில் தூக்கலாம், குழிக்கு மண் போடலாம், வந்தவர்களுக்குச் சாப்பாடு போடலாம். மகன் ஒதுங்கி நின்றான் என்ற பேச்சு ஊரில் முப்பது வருஷம் நிற்கும், அதனால் கிறிஸ்துவுக்கு ஒரு லாபமும் இல்லை.

எல்லாம் சரிங்க. அவர் போனதுல இருந்து என்னால ஜெபமே பண்ண முடியல. விசுவாசமே போயிடுச்சோ?

88-ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். முழுக்கப் புலம்பல், முடிவும் இருட்டில்தான். மற்ற புலம்பல்களைப் போலக் கடைசியில் ஸ்தோத்திரமாகத் திரும்பவே இல்லை. அதையும் ஜெபம் என்றுதான் வேதத்துக்குள் சேர்த்திருக்கிறார்கள். முதல் கேள்வியில் பயத்துக்குச் சொன்னது ஆண்டவர் மேல் வருகிற கோபத்துக்கும் பொருந்தும். உங்களால் முடியாத நாட்களில் மற்றவர்கள் உங்களுக்காக ஜெபிக்கட்டும். கோயிலில் கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள், யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். மாதக் கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லை என்றால் டாக்டரையும் பாருங்கள்.

என் சாவுக்கு நானே என்ன தயார் பண்ணி வைக்கலாம்?

சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள், ஆனால் நல்ல கேள்வி. யாரிடம் பேசாமல் இருக்கிறீர்களோ அவரிடம் போய்ப் பேசுங்கள், அதுதான் முதலில். அப்புறம் ஞானஸ்நானச் சான்றிதழ், குடும்ப அட்டை, பட்டா, பேங்க் பாஸ்புக், கடன் விவரம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, பை எங்கே இருக்கிறது என்று ரெண்டு பேரிடம் சொல்லுங்கள். நாமினி பேர் சரியா என்று பாருங்கள், இறந்துபோன மனைவியின் பேரே இன்னும் இருக்கும். என்ன பாட்டு, எந்த வேத வசனம், எரிப்பதா புதைப்பதா என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒன்று: வீட்டில் இறந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள், கிராமத்தில் என்றால் விஏஓவிடம். பேரை ஆதாரில் இருப்பதுபோலவே எழுதச் சொல்லுங்கள். ஆதாரில் சின்னப்பன், பட்டாவில் சின்னப்பா என்று இருந்தால் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் படியேறி அலைய வேண்டியிருக்கும்.